ஆய்வுகூடமும் ஒரு கல்லூரியே

க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் எம்மவர் வீடுகளை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு வீட்டில் உற்றார் உறவினர் கூடிக் கற்கண்டு வழங்குவர். அடுத்த வீட்டில் இழவு விழுந்தது போன்ற அமைதி நிலவும். வியப்பு யாதெனில், அந்த இரண்டாவது வீட்டுப் பிள்ளையும் பரீட்சையிலே தவறிய பிள்ளையன்று. உயிரியலிலும் இரசாயனவியலிலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளைதான். வைத்திய பீடத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு அற்பமாகக் குறைந்துவிட்டது; அவ்வளவே. அந்த அற்பத்தை எண்ணியெண்ணிப் பத்தொன்பது வயதிலேயே தன் வாழ்வு முடிந்துவிட்டதென அப்பிள்ளை மறுகுகின்றது. தேற்ற வேண்டிய பெற்றோரோ தாமும் உடன் மறுகுகின்றனர்.

"சயன்ஸ் படித்து என்ன செய்வது? கடைசியில் வாத்தியார் வேலைதானே?" என்று கேட்போர் பலர். வாத்தியார் வேலை அத்துணை இழிந்ததன்று என வாதாட நமக்கு ஆசைதான். ஆயினும் நமது கட்சியை நாமே எடுத்துப் பேசுவது அழகன்று. எனவே இவ்வாரம் பலரும் எண்ணிப் பாராத வேறொரு வழியை எடுத்துரைக்க விரும்புகின்றோம். இரசாயனமும் உயிரியலும் கற்றவர்கள் அரசாங்க ஆய்வுகூடங்களிலே பயின்று, அங்கேயே ஆராய்ச்சியாளராக வளரும் வழி அது. வைத்தியக் கல்லூரிக் கதவு தமக்குத் திறக்காதபோதும் வைத்திய உலகுக்கே பேருதவி புரிந்தோர் அவ்வழியில் நடந்திருக்கின்றனர்.

இரசாயன உயிரியல் என்பது யாது?

உயிரிரசாயனவியல் என்ற சொல்லை மாணவர் அறிவர். உயிருள்ள கலத்தினுள்ளே நடைபெறும் இரசாயன மாற்றங்களை ஆராய்வது அது. இரசாயன உயிரியல் அதற்கு உடன்பிறந்தது போன்றது. ஆனால் அதன் போக்குச் சிறிது வேறு. உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு அமையாது, புதிய மூலக்கூறொன்றைத் தானே ஆக்கி, அதனைக் கலத்தினுள் விடுத்து, யாது நிகழ்கின்றதென்று வினவுவது அதன் முறை.

மணிக்கூடு திருத்துபவரை நினைத்துப் பாருங்கள். எந்தச் சில்லு எந்த முள்ளை அசைக்கின்றது என அறிய விரும்பினால், மெல்லிய ஊசியொன்றினால் ஒரு சில்லை மட்டும் தடுத்துப் பார்ப்பார். நிமிட முள் நின்றுவிட்டால் உண்மை வெளியாகிவிடும். கலத்தினுள்ளே ஆயிரக்கணக்கான புரதச் சில்லுகள் சுழல்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் தடுத்து நிறுத்தத்தக்க இரசாயன ஊசியைச் செய்வதே இத்துறையினரின் முதற்றொழில். அவ்வூசி அறிவைத் தருவதோடு நில்லாமல், நல்வாய்ப்பிருந்தால் மருந்தாகவும் மாறும்.

ஊசி செய்வதும் சில்லைக் கண்டறிவதும் ஓரிரு வருடங்களில் முடியும் கருமங்களல்ல. வியாபார நிறுவனம் "இது விலைபோகுமா?" என்று கேட்கும். பல்கலைக்கழக ஆசிரியருக்கு விரிவுரை உண்டு; விடைத்தாள் உண்டு; ஆராய்ச்சிப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதும் தொல்லையும் உண்டு. மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆய்வுகூடமொன்றே, "பயன் என்று வரும் என அறியோம், ஆயினும் கேள்வி நல்ல கேள்வி" என்று சொல்லி நெடுநாட் காத்திருக்கக்கூடியது. அவ்வாறு காத்திருந்த இடங்களுள் முதன்மையானது அமெரிக்க நாட்டின் தேசிய சுகாதார நிறுவகங்கள் என்னும் பெருநிலையம்.

1887ஆம் ஆண்டில் நியூ யோர்க் துறைமுகத்தை அடுத்த ஸ்ரற்றன் தீவில், கடலோடிகளுக்கான அரசாங்க வைத்தியசாலையொன்றில், யோசெப் கின்யூன் என்னும் வைத்தியர் ஓரறை ஆய்வுகூடமொன்றைத் தொடங்கினார். கப்பலில் வருவோரிடம் கொள்ளைநோய்க் கிருமி உண்டா எனப் பார்ப்பது அதன் வேலை. அந்த ஓரறையே வளர்ந்து வளர்ந்து, வாஷிங்ரன் நகரின் அருகே பெதெஸ்தா என்னுமிடத்தில் இருபத்தேழு நிறுவகங்களும் மையங்களும் கொண்ட பெரும் பதியாயிற்று. அதன் பணத்திற் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களுக்கு மானியமாகச் செல்கின்றது. எஞ்சிய சிறுபகுதியைக் கொண்டே அதன் சொந்த ஆய்வுகூடங்கள் இயங்குகின்றன. நாம் பேசப் புகுந்தது அந்தச் சொந்த ஆய்வுகூடங்களைப் பற்றியே.

கூடை முடைபவரின் மகன்

யூலியஸ் அக்செல்றொட் 1912இல் நியூ யோர்க் நகரின் ஏழைகள் வாழும் பகுதியொன்றிற் பிறந்தார். தந்தையார் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர். பூக்கூடை முடைந்து பிழைத்தவர். மகனுக்கு வைத்தியனாக வேண்டுமென்ற பேராசை. கட்டணமில்லாத நகரக் கல்லூரியிற் படித்து 1933இற் பட்டம் பெற்று, வைத்தியக் கல்லூரிகள் பலவற்றுக்கு விண்ணப்பித்தார். ஒன்றேனும் அவரை ஏற்கவில்லை. யூத மாணவர் தொகைக்கு அக்கல்லூரிகள் எல்லை வகுத்திருந்த காலம் அது.

பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அவ்வேளையில், மாதம் 25 டொலர் சம்பளத்துக்கு ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் 1935 முதல் நகரச் சுகாதாரத்தோடு தொடர்புடைய சிறிய ஆய்வுகூடமொன்றில், உணவுப் பண்டங்களில் விற்றமின் சரியான அளவு சேர்க்கப்பட்டிருக்கின்றதா எனச் சோதிக்கும் வேலை கிடைத்தது. பதினொரு வருடம் அதே வேலை. அங்கே அமோனியாப் போத்தலொன்று வெடித்ததில் இடக்கண்ணின் பார்வையையும் இழந்தார். இரவு வகுப்புகளுக்குச் சென்று 1941இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். முப்பத்துமூன்று வயது வரை அவரது வரலாறு இவ்வளவே. நம் ஊரவர் கண்டிருந்தால், "பாவம், படித்தும் உருப்படவில்லை" என்றிருப்பர்.

1946இல் ஒரு சிறு கேள்வி அவர் வாழ்வைத் திருப்பியது. அசற்றனிலைட் என்னும் மருந்து அக்காலத்தில் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பெரிதும் வழங்கியது. ஆனால் அதனை மிகுதியாக உட்கொண்டோர் சிலரின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி நிறம் மாறிற்று. காரணம் யாது? நியூ யோர்க் நகர வைத்தியசாலையொன்றில் ஆராய்ச்சி நடத்திய பேர்ணாட் பிறோடி என்னும் அறிஞரோடு சேர்ந்து, இக்கேள்விக்கு விடை தேடத் தொடங்கினார் அக்செல்றொட்.

அவர் செய்தது இதுதான்: மருந்து உடலினுட் சென்றபின் எவ்வெப் பொருளாக மாறுகின்றது என்பதைக் குருதியிலும் சிறுநீரிலும் அளந்து பார்த்தார். அசற்றனிலைட் உடலினுள்ளே இரு வழியாகச் சிதைவதைக் கண்டார். ஒரு வழியில் அனிலின் என்னும் பொருள் தோன்றுகின்றது. குருதியைக் கெடுக்கும் தீங்கு அவ்வழியில் வருவது. மற்றை வழியிற் பிறிதொரு பொருள் தோன்றுகின்றது. வலியைத் தணிப்பது அதுவே. தீங்கு செய்வது வேறு, நன்மை செய்வது வேறு எனத் தெளிவாகிவிட்டது. அங்ஙனமாயின் நன்மை செய்வதை மட்டும் நேராகக் கொடுத்தால் என்ன என்று 1948இல் இருவரும் எழுதினர்.

அந்த நன்மைப் பொருளின் பெயர் பரசிற்றமோல். நம் வீடுகளில் "பனடோல்" என்றால் குழந்தைக்கும் தெரியும். அப்பொருளை 1878இலேயே ஓர் இரசாயனவியலாளர் ஆக்கியிருந்தார். ஆயினும் எழுபது வருடங்களாக அதன் மதிப்பை உலகம் உணரவில்லை. வைத்தியக் கல்லூரிகள் தள்ளிவிட்ட ஒருவரின் கைவேலை, இன்று வைத்தியர் இல்லாத கிராமத்திலும் காய்ச்சலைத் தணிக்கின்றது.

அக்கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. தாய்மார் கருத்திற் கொள்ளத்தக்கது. அளவுக்கு மிஞ்சி உட்கொண்டால் பரசிற்றமோல் ஈரலை அழிக்கும். ஏன் அழிக்கின்றது என்பதை 1973இல் விளக்கியவர்களும் பெதெஸ்தா அரசாங்க ஆய்வுகூடத்தாரே. மருந்தின் ஒரு சிறு பங்கு ஈரலில் நச்சுப்பொருளாக மாறுகின்றது. வழக்கமான அளவில் அந்நஞ்சை ஈரலிலுள்ள குளுற்றதயோன் என்னும் காவற்பொருள் விழுங்கிவிடும்; அளவு மிஞ்சினாற் காவற்பொருள் தீர்ந்துபோக, நஞ்சு ஈரற் கலங்களைத் தாக்கும். இவ்விளக்கத்தின் வழியாகவே மாற்று மருந்தும் கிடைத்தது. "பனடோல்தானே" என்று கைக்கு வந்தபடி விழுங்குவோர் இதனை நினைவில் வைப்பார்களாக.

ஏணியின் மேற்படிகள்

1949இல் பிறோடி பெதெஸ்தாவிலுள்ள தேசிய இருதய நிறுவகத்துக்குச் சென்றபோது அக்செல்றொட்டும் உடன் சென்றார். அங்கே, உடலுட் புகுந்த மருந்துகளை உருமாற்றும் நொதியங்கள் ஈரற் கலங்களில் இருப்பதைக் கண்டறிந்தார். ஒரு மருந்து மற்றொரு மருந்தின் வேகத்தை ஏன் மாற்றுகின்றது என்று வைத்தியர்கள் இன்று கணிப்பதற்கெல்லாம் அக்கண்டுபிடிப்பு அடிப்படையாகும்.

ஆயினும் கலாநிதிப் பட்டம் இல்லாதவருக்குப் பதவி உயர்வு அரிதாயிருந்தது. நாற்பது வயது கடந்த பின், மனைவி மக்களோடு வாழ்ந்த அம்மனிதர், வேலையிலிருந்து விடுமுறை பெற்று, தம்மிலும் மிக இளையவர்களோடு வாங்கில் அமர்ந்து படித்தார். 1955இல் ஜோர்ஜ் வாஷிங்ரன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் தேசிய உளநல நிறுவகம் அவரிடம் ஓர் ஆராய்ச்சிப் பகுதியை ஒப்படைத்தது.

நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு நோரதிரனலின் போன்ற இரசாயனத் தூதுகளைப் பயன்படுத்துகின்றன. சொல்லி முடித்த சொல் எங்கே போகின்றது? அதனை உடனே சிதைத்துவிடுவதே இயற்கையின் வழியாகும் என அறிஞர் கருதியிருந்தனர். அக்செல்றொட் கதிரியக்கமுள்ள நோரதிரனலினைப் பயன்படுத்திச் சோதித்து, தூதை அனுப்பிய நரம்பே அதன் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றது எனக் காட்டினார். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பல இந்த உறிஞ்சலைத் தடுப்பதனாலேயே வேலை செய்கின்றன. இவ்வாராய்ச்சிக்காக 1970இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசிற் பங்கு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். அக்செல்றொட் படித்து முடித்தபின் ஆய்வுகூடத்துக்கு வரவில்லை. ஆய்வுகூடத்திலேயே படித்தார், பட்டம் பின்னே வந்தது. நல்ல ஆய்வுகூடம் தொழில் செய்யும் இடம் மட்டுமன்று, கல்லூரியுமாகும் என்று நாம் கூறுவது இதுபற்றியே.

பயிற்சிக்கு வந்தோர் செய்த வேலை

இன்னுமோர் எடுத்துக்காட்டு. மார்ஷல் நிரென்பேர்க் 1957இல் அதே பெதெஸ்தாவுக்குப் பயிற்சி ஆராய்ச்சியாளராகவே வந்தார். உயிரின் பரம்பரைச் செய்தி நான்கெழுத்து நெடுங்கணக்கில் எழுதப்பட்டுள்ளது. அதனை வாசித்துக் கலமானது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் ஆக்குகின்றது. ஆனால் எந்த எழுத்துக் கூட்டம் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கின்றது? அக்கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். ஜேர்மனியிலிருந்து பயிற்சிக்கு வந்த ஹைன்றிஷ் மத்தேய் என்னும் இளைஞர் துணையானார்.

அவர்கள் செய்தது உண்மையான இரசாயன உயிரியல். பற்றீரியாவை அரைத்து எடுத்த சாற்றினுள், செயற்கையாக ஆக்கிய ஆர். என். ஏ. ஒன்றை இட்டனர். யுராசில் என்னும் ஒரே எழுத்தை மீண்டும் மீண்டும் எழுதியது போன்ற ஆர். என். ஏ. அது. 1961ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் தேதி விடியற்காலையில் விடை கிடைத்தது: அச்சாறு பினைலலனின் என்னும் ஒரே அமினோ அமிலத்தாலான புரதச் சங்கிலியை ஆக்கியிருந்தது. உயிரின் அகராதியில் முதற்சொல் வாசிக்கப்பட்டது.

அவ்வாண்டு ஆவணி மாதம் மொஸ்கோவில் நடந்த உயிரிரசாயன மாநாட்டில் நிரென்பேர்க் இதனைக் கூறியபோது கேட்டோர் மிகச் சிலர்; அவர் பெயரை அறிந்தோர் அதனிலும் சிலர். செய்தியறிந்த பிரான்சிஸ் கிறிக் என்னும் பேரறிஞர், பெரிய மண்டபத்தில் மீண்டும் பேச ஒழுங்கு செய்தார். அதன்பின் எஞ்சிய சொற்களை வாசிக்கப் போட்டி எழுந்தது. அப்போது பெதெஸ்தாவின் ஆராய்ச்சியாளர் பலர் தத்தம் வேலையை ஒருபுறம் வைத்துவிட்டு நிரென்பேர்க்குக்குக் கைகொடுத்தனர். அதே காலத்தில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹர் கோவிந்த் கொரானா என்னும் இந்திய இரசாயனவியலாளர், எழுத்து வரிசை திட்டமாகத் தெரிந்த மூலக்கூறுகளைத் தம் கையால் ஆக்கி அகராதியை நிறைவுசெய்ய உதவினார். 1968இல் இருவரும் றொபேட் ஹோலி என்பாரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பயிற்சியின் பெருமைக்கு வேறு சான்றும் உண்டு. 1960களின் பிற்பகுதியில், கட்டாய இராணுவ சேவைக்குப் பதிலாகச் சில இளம் வைத்தியர்கள் பெதெஸ்தா ஆய்வுகூடங்களில் ஈராண்டு மூவாண்டு வேலை செய்ய இடமளிக்கப்பட்டது. அவ்வாறு வந்தோரில் யோசெப் கோல்ட்ஸ்ரைன், மைக்கேல் பிறவுண், ஹரல்ட் வார்மஸ், றொபேட் லெவ்கோவிற்ஸ் ஆகிய நால்வரும் பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றனர். ஆராய்ச்சி என்றால் யாது என்பதை ஆராய்ச்சி செய்வோரின் அருகே நின்று கற்றமையின் பயன் அது.

சிதம்பரத்தில் பிறந்தவர்

நிரென்பேர்க்கின் பற்றீரியாச் சாற்றினுள்ளே செய்தியை வாசித்த பொறி, இறைபோசோம் என்னும் நுண்ணிய துணிக்கை. அப்பொறியின் உருவத்தை அணு அணுவாகக் காட்டிய மூவருள் ஒருவர் தமிழர்: 1952இல் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அவருடைய பாதையும் அரசாங்க ஆய்வுகூடங்கள் வழியாகவே சென்றது.

அவர் முதலிற் பெற்றது பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம். பெற்றபின், தமக்குப் பிடித்தது உயிரியலே எனக் கண்டு, மீண்டும் மாணவனாகச் சேர்ந்து உயிரியல் கற்றார். அடுத்து யேல் பல்கலைக்கழகத்தில் இறைபோசோம் ஆராய்ச்சியிற் பயின்றார். அதன்பின் ஏறக்குறைய ஐம்பது கல்லூரிகளுக்கு ஆசிரிய வேலை கேட்டு எழுதினார்; ஒன்றும் கிடைக்கவில்லை. இடங்கொடுத்தவை அமெரிக்க அரசாங்கத்தின் ஓக் றிஜ், புறுக்ஹேவன் என்னும் தேசிய ஆய்வுகூடங்கள். புறுக்ஹேவனில் 1983 முதல் பன்னிரண்டு வருடம் பணிபுரிந்தார். அங்கிருந்தபோது, தம் முறைகள் போதா எனவும், எக்ஸ் கதிரால் பளிங்குகளை ஆராயும் கலை வேண்டுமெனவும் உணர்ந்து, நாற்பதை நெருங்கும் வயதில் கேம்பிறிஜ் நகருக்கு ஓராண்டு பயிற்சிக்குச் சென்றார்.

அங்கே அவர் பயின்ற இடமும் அரசாங்கப் பணத்தில் இயங்குவதே. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் அது. 1999இல் சம்பளக் குறைவையும் பொருட்படுத்தாது அவ்விடத்துக்கே நிலையாகச் சென்றார். 2000ஆம் ஆண்டில் இறைபோசோமின் சிறு பாகத்தின் உருவம் அவர் குழுவினரால் வெளியிடப்பட்டது. ஸ்ரெப்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பற்றீரியாவின் இறைபோசோமில் எவ்விடத்திற் போய் ஒட்டுகின்றன என்பதும் தெளிவாயிற்று. நாம் முன்னே கூறிய ஊசி, சில்லின் எந்தப் பல்லிலே குத்துகின்றது என்பதைக் கண்ணாற் காண்பது போன்றது இது. 2009இல் தோமஸ் ஸ்ரைற்ஸ், ஆடா யொனத் ஆகியோரோடு இரசாயனவியலுக்கான நோபெல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

இன்றைய நிலை

இத்துறை இன்று எவ்வாறு நடைபெறுகின்றது? அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகம் மேரிலன்ட் மாநிலத்து பிறெடறிக் நகரில் இரசாயன உயிரியல் ஆய்வுகூடம் என்ற பெயரிலேயே ஒன்றை அமைத்துள்ளது. இலட்சக்கணக்கான சேர்வைகளைத் தானியங்கிப் பொறிகளாற் சோதித்து, கலத்தில் மாற்றம் விளைவிப்பவற்றைப் பொறுக்கியெடுக்கும் வசதியும் தேசிய சுகாதார நிறுவகங்களுக்கு உண்டு. பழைய மூலக்கூறுகளுக்குப் புதிய வாழ்வு கிடைப்பதும் உண்டு. 1964இற் புற்றுநோய்க்கென ஆக்கப்பட்டு, பயனில்லை என ஒதுக்கப்பட்ட ஏ. இஸட். ரி. என்னும் சேர்வை, எயிட்ஸ் நோய்க் கிருமியைத் தடுக்கவல்லது என்பதை 1985இல் அந்நிறுவகத்து ஆய்வுகூடத்திற் சோதித்துக் கண்டவர், ஜப்பானிலிருந்து வந்த ஹிறோஆக்கி மிற்சுயா. 1987இல் அந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து அதுவே.

அந்நாட்டில் பட்டம் பெற்றவுடன் ஓரிரு வருடம் ஆய்வுகூடத்தில் வேலை பழகும் திட்டம் அந்நாட்டுக் குடிகளுக்கும் நிரந்தர வதிவுரிமை உள்ளோருக்கும் உரியது. பிற நாட்டார் பெரும்பாலும் கலாநிதிப் பட்டம் பெற்றபின், வருகைதரு ஆராய்ச்சியாளராகவே சேரலாம். ஆகவே உயர்தரம் முடித்த கையோடு பெதெஸ்தாவுக்குப் பயணச்சீட்டு வாங்கிவிடலாம் என எவரும் மயங்க வேண்டா. முதலிற் பட்டம், பின் ஆராய்ச்சிப் பட்டம், அதன்பின்னரே அக்கதவு.

இன்னல்களையும் மறைத்தல் கூடாது. பயிற்சிக் காலத்துச் சம்பளம் வைத்தியரின் வருவாய்க்கு அருகிலும் வராது. நூறு பரிசோதனையில் தொண்ணூறு தவறும். மூன்று வருடம் தேடிய ஊசி, வேண்டாத பத்துச் சில்லுகளிலும் குத்துவதாக முடிவதுண்டு. அரசாங்கப் பணம் என்பதும் என்றும் வற்றாத கேணியன்று. 2025ஆம் ஆண்டில் தேசிய சுகாதார நிறுவகங்களிலேயே ஊழியர் பலர் ஒரே முறையில் வேலையிழந்தனர். அரசியற் காற்று மாறும்போது ஆய்வுகூடத்து விளக்கும் ஆடும். இதனையும் அறிந்தே இவ்வழியில் இறங்க வேண்டும்.

நம் நாட்டில்

தொலைவிலுள்ள பெருநிலையங்களைக் காட்டிவிட்டு நம் முற்றத்தை மறப்பது முறையன்று. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1900ஆம் ஆண்டில் தோன்றியது. 1955இல் தொடங்கிய விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சி நிலையமே 1998 முதல் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் என வழங்குகின்றது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும், லுணுவிலையில் தெங்கு ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில், ஆராய்ச்சி உதவியாளராகப் பணிபுரிந்துகொண்டே பல்கலைக்கழக உயர்பட்டத்துக்குப் படிக்கும் வழியும் உண்டு.

பல்கலைக்கழக அனுமதியே கிடைக்காதவர்களும் மனந்தளர வேண்டா. இலங்கை இரசாயனவியல் நிறுவகம் இராஜகிரியவிலுள்ள தனது கல்லூரியில் ஆய்வுகூடத் தொழினுட்ப டிப்ளோமாவும் உயர்நிலைப் பாடநெறியும் நடத்திவருகின்றது. அக்செல்றொட் ஏறிய ஏணியின் முதற்படி ஆய்வுகூட உதவியாளர் பதவி என்பதை நினைவுகூர்க. இந்நிலையங்களில் வசதிகள் குறைவு, பதவிகளும் சிலவே. ஆயினும் தராசைச் சரியாகப் பிடிக்கவும், அளந்ததை அளந்தபடி எழுதவும் பழகுவதற்கு அவை போதும்.

மாணவருக்கும் பெற்றோருக்கும்

இவ்வழியில் நாட்டமுள்ள மாணவர் இன்றே தொடங்கக்கூடிய கருமங்கள் சிலவுண்டு. பாடசாலை ஆய்வுகூடத்திற் செய்முறைப் பரிசோதனை நடக்கும்போது பின்வரிசையில் நின்று மற்றவர் கணக்கைப் பார்த்து எழுதாதீர்கள். குழாயை நீங்களே கையில் எடுங்கள். கிடைத்த எண் புத்தகத்து எண்ணோடு ஒவ்வாவிடின் அதனை அழித்துத் திருத்தாதீர்கள். ஒவ்வாமையின் காரணத்தைத் தேடுங்கள். அசற்றனிலைட் ஏன் சிலருக்குத் தீங்கு செய்தது என்ற ஒவ்வாமையிலிருந்தே பரசிற்றமோல் வந்தது. ஆங்கிலத்தை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். இத்துறையின் ஏடுகள் அம்மொழியிலேயே வருகின்றன. கணிதத்தை உயிரியல் மாணவருக்கு வேண்டாத பாடமென ஒதுக்காதீர்கள். கணினியிற் கணக்கிடத் தெரியாதவர் இனி இத்துறையிற் பாதிக் கண்ணோடு நடப்பவரே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வைத்தியத் தொழில் மேலானது. அதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டிலுள்ள ஒவ்வொரு பெயரும், வெள்ளை அங்கியோடு ஏதோ ஓர் ஆய்வுகூடத்தில் இரவு பகலாக நின்ற ஒருவரின் உழைப்பாகும். உங்கள் பிள்ளை வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டதனால் அந்த உழைப்புக்குத் தகுதியற்றதாகிவிடாது. ஒரு பரீட்சை அளப்பது, குறித்த நாளிற் குறித்த வினாக்களுக்கு எழுதிய விடையை மட்டுமே. பதினொரு வருடம் விற்றமின் அளந்த மனிதரிடத்திருந்த பொறுமையை எந்தப் பரீட்சையாலும் அளக்க முடியாது.

ஆகவே பெறுபேறு வந்த அன்று அந்த இரண்டாவது வீட்டிலும் அடுப்பு மூட்டுங்கள். பிள்ளைக்குச் சோறு போடுங்கள். சில நாள் கழித்து அமைதியாக உட்கார்ந்து, "உனக்கு எந்தப் பாடத்திலே கேள்வி கேட்கப் பிடிக்கும்?" என்று வினவுங்கள். விடை இரசாயனமும் உயிரியலும் என்றிருந்தால், விஞ்ஞான பீடத்து விண்ணப்பத்தைத் தயங்காமல் நிரப்புங்கள்.